பெரியவரான பிறகு ஞானஸ்நானம் வாங்கப் போகிறீர்களா?

முதல் வேலை, பங்குச்சாமியாரைப் போய்ப் பார்ப்பது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் மறித்துக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். வாரநாளில் ஒரு சாயங்காலம் போனால் உட்கார வைத்துப் பேசுவார். எதற்காக வாங்க நினைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். பெண் வீட்டில் சொன்னார்கள், கல்யாணத்துக்காக என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆயரிடம் (பிஷப்பிடம்) அனுமதி வாங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே கோயிலில் திருமணம் செய்ய வழி இருக்கிறது. இது தெரியாமல் அவசரத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, அப்புறம் கோயில் பக்கமே வராதவர்கள் நம் ஊர்களில் நிறைய.

நான் எழுதுவது ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க நடைமுறை. தொண்டியிலிருந்து பாம்பன் வழியாக மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கடற்கரைக் கிறிஸ்தவர்களில் அதுதான் அதிகம். சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபையில் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் வாங்கியவருக்கு இங்கே மறுபடி கொடுக்க மாட்டார்கள், முறைப்படி சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பெந்தெகொஸ்தே சபைகளில் கதை வேறு, குழந்தையில் வாங்கியதை அவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை, முழுக வேண்டும் என்பார்கள். அதனால் எந்தச் சபை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில்தான் கொடுப்பார்கள். அதற்குப் பல மாதம் முன்பே, வேதபாடம் சொல்லித்தருகிற உபதேசியாரிடம் பாடம் ஆரம்பித்துவிடும். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாம் மனப்பாடமாக வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடாமல் விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக எடுத்து, புரியாததைக் கேளுங்கள், நாளைக்கு ஊர் முன்னால் "நம்புகிறேன்" என்று சொல்லப்போவது அதைத்தானே. கடலுக்குப் போகிறவர்கள் எந்தெந்த நாள் கரையில் இருப்பீர்கள் என்பதை உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம்தானே, அப்போது படித்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் ஈஸ்டர் பெரும்பாலும் அதற்குள் போயிருக்கும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் உங்களுக்காகவே பூசையில் தனி மன்றாட்டு நடக்கும், அந்த மூன்று ஞாயிறும் ஊரில் இருந்தாக வேண்டும்.

ஞானஸ்நானத்தில் உங்களுக்குத் துணையாக நிற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் விஷயத்தில்தான் நம் ஆட்கள் சொதப்புவார்கள். படகு முதலாளி, கட்சிக்காரர், நல்ல மோதிரம் போடுவார் என்று நினைக்கும் மாமா, இப்படித்தான் தேடுவார்கள். ஒருவர் இருந்தாலே போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பதினாறு வயது முடிந்து உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) வாங்கிய கத்தோலிக்கராக இருக்க வேண்டும், உங்களைப் பெற்றவர்களாக இருக்கக் கூடாது. இதெல்லாம் சட்டம். என்னைக் கேட்டால், நீங்கள் ரெண்டு ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால் வீடு தேடி வந்து "என்னப்பா, எங்க ஆளையே காணோம்?" என்று கேட்கிற ஆளைப் பிடியுங்கள்.

அடுத்தது வீடு. ஓரியூரில் அருளானந்தரை, அதாவது வேதம் போதிக்க வந்த ஜான் டி பிரிட்டோ சாமியாரை, 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டினார்களே, அதன் தொடக்கமே ஒரு பெரியவர் ஞானஸ்நானம்தான். மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்குவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட, அதில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு, வழக்கு அரண்மனைக்குப் போய்விட்டது. இன்றைக்கு யாரும் தலையை வெட்டப் போவதில்லை, ஆனால் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரியவந்தால் அந்த வருத்தம் லேசில் போகாது. நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். குலதெய்வக் கும்பிடு, திதி, வீட்டுப் பொங்கல், இதில் எதற்கு வருவீர்கள், எதற்கு வரமாட்டீர்கள் என்று சாமியாரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். முந்தைய கல்யாணம், பிரிந்து வாழ்வது என்று ஏதாவது இருந்தால் அதையும் சாமியாரிடம் முதல் நாளே சொல்லுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் எல்லாம் நின்றுபோகும்.

எஸ்.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பௌத்தருக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் மதம் மாறினால் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவீர்கள். ஞானஸ்நானம் பெற்று கோயிலுக்கும் போய்வந்துகொண்டு எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனாலும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அன்றைக்குப் பருத்தி உடையாகப் போடுங்கள், தலையில் ஊற்றுகிற தண்ணீர் கழுத்து வழியாக முதுகு வரை இறங்கும், பாலியஸ்டர் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு ஞானத்தகப்பன் தோளில் இருக்கட்டும். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது வாய்க்குள் முனகாமல் "விட்டுவிடுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அதே இரவில் உறுதிபூசுதலும், பூசையில் தரும் அப்பமான நற்கருணையும் சேர்த்துக் கொடுப்பார்கள், எனவே நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.

பூசை முடிந்ததும் போட்டோவுக்கு ஓடாமல் பங்குப் பதிவேட்டில் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதித் தருவது அந்தப் பதிவைப் பார்த்துத்தான்.