உப்பும் ஐஸும்: முதல் நிலைமை வரைபடத்தை வரைந்து பழகுவோம்

ஒரு கலவை எந்த விகிதத்தில், எந்த வெப்பநிலையில் திண்மமாகவோ திரவமாகவோ இருக்கும் என்று காட்டும் படமே நிலைமை வரைபடம். பொருளறிவியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் பலரும் இரும்பு-கார்பன் வரைபடத்தோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போகிறார்கள். அதை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பையும் சின்னமுட்டம் துறைமுகத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸையும் கொண்டு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. உலோகக் கலவைகளில் வரும் அடிப்படைகளில் பெரும்பாலானவை இதிலும் உண்டு. உலை மட்டும் தேவையில்லை. ‘யூடெக்டிக்’ (மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலவை விகிதம்) என்ற சொல்லை 1884-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரெடெரிக் கத்ரியும் அதற்கு முன்பே உப்புக் கரைசல்களை உறையவைத்து ஆராய்ந்தவர்தான்.

முதலில் அச்சுகளை வரையுங்கள். கிடை அச்சில், எடை அடிப்படையில் உப்பின் விழுக்காட்டை 0 முதல் 30 வரையும், செங்குத்து அச்சில் வெப்பநிலையை 10 முதல் −30 டிகிரி செல்சியஸ் வரையும் குறியுங்கள். அழுத்தம் மாறாததாகக் கொள்கிறோம்.

அடுத்து, உறையத் தொடங்கும் வெப்பநிலைகளைப் புள்ளிகளாக வையுங்கள்: தூய நீருக்கு 0, 10 விழுக்காட்டுக்கு −6.6, 20 விழுக்காட்டுக்கு −16.5, 23.3 விழுக்காட்டுக்கு −21.1. இவற்றை இணைக்கும் வளைகோடு சரிந்து வந்து நிற்கும் கடைசிப் புள்ளியே யூடெக்டிக். அங்கிருந்து வலப்புறம் சற்றே சாய்ந்து ஏறும் மற்றொரு கோட்டை 26.3 விழுக்காடு, 0.1 டிகிரி வரை வரைந்து, −21.1-இல் தாளின் குறுக்கே ஒரு கிடைக்கோடும் போடுங்கள். வளைகோடுகளுக்கு மேலே கரைசல் மட்டுமே இருக்கும். இடப்புற முக்கோணத்தில் ஐஸும் கரைசலும் சேர்ந்திருக்கும். கிடைக்கோட்டுக்குக் கீழே எல்லாமே திண்மம். அந்தத் திண்மத்தில் ஐஸோடு இருப்பது வெறும் உப்பன்று. ஒரு பங்கு உப்போடு இரு பங்கு நீர் மூலக்கூறுகள் பிணைந்த ஹைட்ரோஹாலைட்.

பெரும்பாலோர் தவறுவது இனிமேல்தான். 10 கிராம் உப்பும் 90 கிராம் நீரும் கொண்ட கலவையை −10 டிகிரிக்குக் குளிர்வித்தால், அதிலுள்ள கரைசலின் செறிவு 10 விழுக்காடு என்று நினைத்துவிடக் கூடாது. −10-இல் கிடையாக ஒரு கோடு இழுத்தால் அது வளைகோட்டை ஏறத்தாழ 14 விழுக்காட்டில் தொடும். கரைசலின் செறிவு அதுவே. ஐஸ் தன்னுள் உப்பைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், 10 கிராம் உப்பு முழுவதும் கரைசலில்தான் இருக்க வேண்டும். ஆகவே கரைசல் சுமார் 71 கிராம், ஐஸ் 29 கிராம். நெம்புகோல் விதி என்று பாடநூல் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இனி, நேரில் பார்க்கலாம். தெர்மோகோல் பெட்டியில் 1 கிலோ ஐஸைப் பொடித்துப் போட்டு, 300 கிராம் உப்பை இடித்துத் தூவிக் கிளறுங்கள். இந்த அளவு யூடெக்டிக் விகிதத்துக்கு மிக அருகில் வரும். உப்பு குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உப்புநீரைத் தொட்ட ஐஸ் உருகுகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தை, கிராமுக்கு ஏறத்தாழ 334 ஜூல் வீதம், கலவையிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. கையால் தொடாதீர்கள், தோல் உறைந்து புண்ணாகும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. −30 வரை காட்டுவது வேண்டும்.

நாகர்கோவில் வெக்கையில் பெட்டிக்குள் வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால், −21.1 வரை இறங்காமல் முன்னதாகவே நிற்கக்கூடும். −15-இல் நின்றால் வரைபடத்தை எடுத்து, அந்த வெப்பநிலையில் வளைகோட்டைப் பாருங்கள்: ஏறத்தாழ 19 விழுக்காடு. ஐஸ் இன்னும் மிச்சமிருந்து, நன்றாகக் கிளறியும் இருந்தால், பெட்டியின் அடியில் தேங்கிய நீரின் உப்புச் செறிவும் ஏறத்தாழ அதுவாகவே இருக்கும்.