சமைக்காத உணவை அன்றாடம் கைக்கொள்வது எப்படி?

சமைக்காத உணவுக்கு மாறுகிற பலர் முதல் வாரத்தை உற்சாகத்துடன் கடந்துவிட்டு, இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ ஒரு மாலை நேரத்தில் தேநீர்க் கடை வடையிடம் தோற்றுப்போகிறார்கள். நாக்கைக் கட்ட முடியவில்லை என்று தம்மையே நொந்துகொள்வார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெறும் பசிதான். வெள்ளரியும் கேரட்டும் முளைப்பயறும் வயிற்றை நிரப்புமே தவிர, ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றலைத் தருவதில்லை. 100 கிராம் வெள்ளரியில் கிடைப்பது சுமார் 15 கிலோகலோரி. 1,800 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர் அதை மட்டும் நம்பினால் 12 கிலோ தின்ன வேண்டியிருக்கும். அதே 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 350, வாழைப்பழத்தில் 90க்கு மேல், பேரீச்சையில் 280, நிலக்கடலையில் 560 கிலோகலோரி உள்ளன. ஆகவே எந்தக் காயைப் பச்சையாகத் தின்னலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன், இத்தனை நாளும் சோறு செய்துவந்த வேலையை இனி எது செய்யப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு எளிய விடை தேங்காயும் வாழைப்பழமும். சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய மூ. இராமகிருஷ்ணன் இயற்கை உணவு என்று பரப்பியதன் அடித்தளமும் இவை இரண்டுமே. எல்லா நோயையும் இந்த உணவு தீர்த்துவிடும் என்று ஆர்வலர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும், எந்தச் சிற்றூரிலும், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிற ஆற்றல் மிகுந்த பொருட்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுடைய அறிவு பாராட்டத்தக்கது. மூன்று வாழைப்பழம், ஒரு மூடித் தேங்காயின் துருவல் (சுமார் 100 கிராம்), ஐந்து பேரீச்சை என்று காலை உணவை அமைத்துக்கொண்டால் 700 கிலோகலோரிக்குக் குறையாது; மதியம் வரை பசி தாங்கும். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்கள் தேங்காயைக் குறைத்து, ஊறவைத்த நிலக்கடலை, பாதாம், கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து வரும் வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்வது நல்லது.

எது சமைக்காதது என்ற எல்லையையும் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாள்தோறும் தன்னோடு தானே வழக்காட நேரும். அவல் சமைக்காத உணவு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் ஆகிறது. கடையில் பச்சை முந்திரி என்று விற்பதும் ஓட்டிலுள்ள காரமான எண்ணெயை நீக்குவதற்காக வெப்பம் கண்டதே. வெல்லம் காய்ச்சியது, தயிர் காய்ச்சிய பாலில் உறைந்தது. வெளிநாடுகளில் சுமார் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாததையே சமைக்காதது என்று கொள்கிறார்கள். சூடேறினால் உணவிலுள்ள நொதிகள் அழிந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த நொதிகளும் புரதங்களே என்பதால் அவற்றில் பெரும்பகுதி எப்படியும் இரைப்பையில் சிதைந்துபோகும். ஆகவே அந்த அளவுகோலை இறுகப் பற்றிக்கொள்ளத் தேவையில்லை. வெப்பத்தில் வைட்டமின் சி பெருமளவு வீணாகிறது என்பது உண்மை. தக்காளியின் லைக்கோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் வேகவைத்த பின்னர்தான் உடலில் நன்றாகச் சேருகின்றன என்பதும் உண்மை. அவலும் வெல்லமும் தயிரும் எனக்கு உண்டு என்று தளர்வாக எல்லை போட்டுக்கொள்பவர்தான் நீடிப்பார் என்பது என் கருத்து. பாலைப் பொறுத்தவரை தளர்வே கூடாது: காய்ச்சாத பால் வழியாகக் காசநோயும், கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சலும் பரவக்கூடும்.

ஒரே நாளில் மூன்று வேளையும் மாறுவது வயிற்றுக்கு ஒத்துவராது. மன உறுதியில் யாருக்கும் குறையாத காந்தியடிகளே 1929இல் முளைகட்டிய கோதுமை, பாதாம் விழுது, கீரை, எலுமிச்சை, தேன் என்று சமைக்காத உணவைச் சோதித்து, அதைப் பற்றித் தம்முடைய யங் இந்தியா இதழில் எழுதியும் வந்தார். ஆனால் சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு கண்டு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. முதலில் காலை வேளையை மட்டும் மாற்றி, வாய்வும் வயிற்று உப்புசமும் அடங்கிய பின்னர் இரவு வேளைக்குப் போகலாம். மதிய உணவைக் கடைசியாக மாற்றுவதே எளிது. அலுவலகமும் விருந்தும் குறுக்கிடுவது அந்த வேளையில்தான்.

சுவைக்கு அயல்நாட்டுக் குறிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இராம நவமிக்குச் செய்யும் கோசுமல்லி, ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும் எலுமிச்சையும் சேர்ந்த முழுமையான ஒரு மதியப் பண்டம். கடுகு தாளிப்பதை மட்டும் விட்டுவிட்டால் போதும். ஆடிப்பெருக்கின் காப்பரிசி, மாரியம்மன் கோயில் துள்ளுமாவு, மாவிளக்கு ஆகிய மூன்றும் ஊறவைத்த பச்சரிசியை அடுப்பேற்றாமல் வெல்லத்துடன் உண்ணும் வழக்கங்கள்தாம். இவற்றை நாள்தோறும் உண்ண முடியாது என்றாலும், இனிப்புக்கு மனம் ஏங்கும் நாளில் கை கொடுக்கும். பிஞ்சு வெண்டை, பிஞ்சுப் பீர்க்கு, நூக்கல், சௌசௌ, வாழைத்தண்டு, வெண்பூசணி ஆகியவற்றைத் துருவி, தேங்காய்ப் பாலும் இந்துப்பும் மிளகும் சேர்த்தால் பச்சை வாடை தெரியாது.

முளைகட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். பச்சைப்பயறுதான் தொடங்குவதற்கு ஏற்றது. கல்லும் உடைந்த பயறும் நீக்கிக் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடித்து, வெந்நீரில் அலசிய துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். கோடையில் பத்து மணி நேரத்திலேயே முளை எட்டிப்பார்க்கும். மார்கழியில் ஒரு நாள் ஆகலாம். இடையில் இரண்டு முறை நல்ல நீரில் அலசி வடிப்பது பிசுபிசுப்பைத் தடுக்கும். வழவழப்போ புளித்த வாடையோ வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். பயறு முளைப்பதற்கு ஏற்ற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகுவதற்கும் ஏற்றவையே. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ. கோலி தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி விதையோடு வந்திருந்ததால் வெளிக் கழுவலால் மட்டும் அது போயிருக்காது. முதியவர்களும் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் முளைப்பயறை ஆவியில் வைத்தே உண்ண வேண்டும்.

பச்சையாக ஒருபோதும் உண்ணக்கூடாதவையும் உண்டு. மரவள்ளிக்கிழங்கிலும் மொச்சையிலும் சயனைடை வெளியிடும் பொருட்கள் இருக்கின்றன. ராஜ்மாவின் நஞ்சு முளைகட்டினாலும் போகாது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். சேனையும் சேப்பங்கிழங்கும் தொண்டையை அரிக்கும். உருளைக்கிழங்கும் பச்சையாக வேண்டாம். சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்கள் சாறு பிழிவதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். சிறிது கசந்தாலும் அந்தக் காயை எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றினால் இந்தியாவில் உயிரிழப்புகளே நேர்ந்திருக்கின்றன.

காய்கறி வாங்குவதற்கு வாரம் இரண்டு முறை உழவர் சந்தைக்குக் காலையிலேயே போவது நல்ல வழக்கம். வாழைப்பழத்தை மட்டும் ஒரே சீப்பாக வாங்காமல், கனிந்ததில் பாதியும் காய்வெட்டானதில் பாதியும் வாங்கினால் வாரம் முழுவதும் பழம் கிடைக்கும். முட்டைக்கோஸின் வெளி இதழ்கள் இரண்டு மூன்றை உரித்து எறிந்துவிட வேண்டும். கீரையை இலை இலையாக ஓடும் நீரில் கழுவ வேண்டும்; நாடாப்புழு முட்டைகள் இவற்றோடு வரக்கூடும். உப்பும் மஞ்சளும் கலந்த நீர் புழுவை வெளியேற்ற உதவுமே தவிர, கிருமியை நம்பகமாகக் கொல்லாது. நிலக்கடலையில் சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை நஞ்சு உள்ளதாக இருக்கலாம். பொறுக்கி நீக்கிய பிறகே ஊறப்போட வேண்டும்.

அலுவலகத்துக்குத் தேங்காயைத் துருவிக் கொண்டுபோனால் வெயிலில் மதியத்திற்குள் வாடை மாறிவிடும்; பத்தைகளாக எடுத்துச் செல்வதே நல்லது. காயைச் சாப்பிடும் நேரத்தில்தான் நறுக்க வேண்டும். மாலை ஐந்து மணிப் பசிக்குப் பேரீச்சையும் கடலையும் மேசையில் எப்போதும் இருக்கட்டும். பயணத்தில், நம் கையால் தோலுரிக்கும் பழமும் கண்ணெதிரே வெட்டும் இளநீரும் மட்டுமே நம்பத்தக்கவை. நறுக்கி வைத்து விற்கும் வெள்ளரியும் தர்ப்பூசணியும் எவ்வளவு ஆசை காட்டினாலும் வேண்டாம். பந்தியில் உட்காராமல் நின்றால் அழைத்தவர்கள் மனம் வருந்துவார்கள். இலையில் பச்சடியும் கோசுமல்லியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, பரிமாறுபவரிடம் கையை மறித்துக் காட்டினால் போதும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் பந்தி முழுவதும் திரும்பிப் பார்க்கும். வீட்டில் சமைப்பவர் மனம் கோணாமல் இருக்க, நம் தேங்காயைத் துருவுவதையும் காய் நறுக்குவதையும் நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது. இளநீரிலும் வாழைப்பழத்திலும் மிகுந்துள்ள பொட்டாசியம் பழுதான சிறுநீரகத்துக்கு ஆபத்தானது. வளரும் பிள்ளைகளுக்கு முழுநேரமும் இந்த உணவைக் கொடுப்பது தவறு. பாலும் தயிரும் விட்டவர்களுக்கு வைட்டமின் பி12 எந்தக் காயிலிருந்தும் பழத்திலிருந்தும் போதிய அளவு கிடைக்காது, மாத்திரை அவசியம். புளிப்புப் பழம் தின்றவுடன் பல் துலக்காமல், வாயைக் கொப்பளித்து அரை மணி நேரம் பொறுப்பது பற்சிப்பியைக் காக்கும்.

ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெடுநாள் சமைக்காத உணவிலேயே இருந்தவர்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. எடை மிகுதியாகக் குறைவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் கண்டார்கள். எனவே மாதம் ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் பி12 அளவும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டிய எடைக்கு வந்த பின்னும் அது இறங்கிக்கொண்டே போனாலோ, மாதவிடாய் தள்ளிப்போனாலோ, முதலில் தேங்காயும் கடலையும் கூட்டிப் பார்க்கலாம். அதிலும் சரியாகாவிட்டால் இரவுக்குச் சோறும் வெந்த பருப்பும் சேர்த்துக்கொண்டு, காலையையும் மதியத்தையும் மட்டும் சமைக்காத உணவுக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.