கோல் அடித்தவர்கள் போனபின் போடும் தப்புக் கணக்குகள்

கோடை வந்துவிட்டால் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் ரசிகர்கள் எல்லாருமே கணக்குப்பிள்ளை ஆகிவிடுவார்கள். முப்பது கோல் அடித்தவர் போனார், இருபது கோல் அடித்தவர் வந்தார், ஆக பத்து கோல் நட்டம். இந்தக் கழித்தல்தான் முதல் தவறு. போனவர் ஆடிய நிமிடங்கள் சும்மா கிடக்கப் போவதில்லை. யாரோ ஒருவர் அவற்றில் ஆடுவார், கோலும் அடிப்பார்.

2023 கோடையில் பாஸ்டன் புரூயின்ஸின் முதல் இரண்டு சென்டர்களான (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள்) பெர்ஜெரானும் கிரேச்சியும் ஓய்வு பெற்றார்கள். டெய்லர் ஹால் சிகாகோவுக்குப் போனார். சரி, கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் மேல் லைன்களுக்கு (லைன் என்றால் சேர்ந்து இறங்கும் மூன்று முன்வரிசை ஆட்டக்காரர்கள்) ஏறிய சார்லி கோய்ல் 60 பாயின்டும் (கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) பாவெல் சாகா 59 பாயின்டும் எடுத்தார்கள். லீக் அட்டவணையில் அணி 135 புள்ளியிலிருந்து 109க்கு இறங்கியது உண்மைதான். ஆனால் 109 எந்த அணிக்கும் நல்ல எண்.

அடுத்த தவறு, பாயின்டுகளைக் கூட்டி அதையே கோலாக நினைப்பது. ஒரு கோலுக்கு அடித்தவர், அதற்குப் பாஸ் கொடுத்து அசிஸ்ட் செய்த இருவர் என மூன்று பேர் வரை பாயின்ட் பெறலாம். 2021-22இல் கால்கரி ஃபிளேம்ஸில் மறைந்த ஜானி காட்ரோ 115, மாத்யூ கச்சக் 104. இருவரும் ஒரே லைன் என்பதால் ஒரே கோல் இரண்டு கணக்கிலும் ஏறியிருக்கும். அடுத்த கோடையில் இருவருமே போனார்கள்.

அந்த லைனில் மிஞ்சியவர் சென்டர் எலியாஸ் லிண்ட்ஹோம். 42 கோல் அடித்தவர் அடுத்த ஆண்டு 22தான் அடித்தார். எங்கும் போகாத ஆளின் கணக்கிலும் ஓட்டை விழும். இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கச்சக்குக்கு ஈடாக ஃபுளோரிடாவிலிருந்து வந்த யூபர்டோவின் 115 பாயின்ட் 55 ஆனது. அந்த 115இல் 85 அசிஸ்ட் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பாஸ் கொடுத்தே வாழும் ஆட்டக்காரருக்கு, பாஸை வாங்கி அடிக்கும் கூட்டாளிகளும் சேர்ந்து வந்தால்தான் பழைய எண் வரும். ஆனால் அதே ஆண்டு அதே அணியில் டைலர் டொஃபோலி 34 கோல் அடித்தார், அவர் அதுவரை தொடாத எண் அது.

இன்னொன்று: அணியின் சரிவு முழுவதையும் கோல் பஞ்சத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். அந்த ஆண்டு ஃபிளேம்ஸ் கோல்கீப்பர் மார்க்ஸ்ட்ரோமின் சேவ் விகிதம் (வந்த ஷாட்டுகளில் தடுத்த பங்கு) .922இலிருந்து .892க்கு விழுந்தது.

மூன்றாவது லைன் ஆள் ஒருவர் 100 ஷாட்டில் 18 கோல் அடித்துவிட்டால் 'இவர்தான் அடுத்தவர்' என்ற பேச்சு கிளம்பும். லீக் முழுவதும் பார்த்தால் ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான். கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஷாட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது.

நட்சத்திரங்கள் எல்லாரையும் ஒரே லைனில் குவித்தால் போதும் என்பதும் தப்பு. சொந்த மைதானத்தில் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உள்ள பயிற்சியாளர், தன் சிறந்த தடுப்பு ஜோடியை அந்த ஒரு லைன்மீது ஏவிவிடுவார். இரண்டாவது லைனும் கோல் அடிக்கும் என்றால் அந்த வேலை நடக்காது.

அப்புறம், பயிற்சி ஆட்டங்களின் ஸ்கோரைவிட, போனவர் பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார் என்பதைப் பாருங்கள். பயிற்சியாளர் யாரை நம்புகிறார் என்பது அங்கேதான் முதலில் தெரியும்.