பட்டமா, சர்ட்டிஃபிகேஷனா: நெட்வொர்க் வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

நெட்வொர்க் வேலைக்கான இன்டர்வியூக்களில் உட்காரும்போதெல்லாம், எங்கள் செட் பையன்கள் அன்று செய்த அதே தவறுகளை இன்றைய பிள்ளைகளும் செய்வதைப் பார்க்கிறேன். ரெஸ்யூமில் எழுத்துப்பிழை மாதிரியான சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

அரியரை வைத்துக்கொண்டு கோர்ஸுக்கு ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சர்ட்டிஃபிகேட்டான சிசிஎன்ஏவை நம்பி, "சிசிஎன்ஏ இருந்தா போதும்ணே, டிகிரியை யார் கேக்குறாங்க?" என்பார்கள். கேட்கிறார்கள். ஒரு தம்பி வந்தான். பிங் போகாத, அதாவது ஒன்றோடொன்று பேசாத, இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளைக் கொடுத்தோம். இரண்டையும் இணைக்கும் டிரங்க் லைனின் இரு முனையிலும் நேட்டிவ் விலான் என்ற செட்டிங் வேறு வேறாக இருப்பதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தான். எல்லா ரவுண்டும் தாண்டியாயிற்று. கடைசியில் ஹெச்.ஆர். மார்க் ஷீட் கேட்டபோது இரண்டு கணக்குப் பேப்பர் பாக்கி என்று தெரிந்தது. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், வேலை கைவிட்டுப் போனது போனதுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ. 8 செமஸ்டர் படிப்பு. இழுத்தடித்தாலும் 14 செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. சிசிஎன்ஏவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பட்டம் காலாவதி ஆவதில்லை. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்குப் பட்டம் இல்லாமல் போனால், கல்லூரியில் குறைகிற ஒவ்வொரு ஆண்டுக்கும் 3 ஆண்டு வேலை அனுபவம் காட்டச் சொல்வார்கள். நான்கு ஆண்டுப் படிப்புக்கு 12 ஆண்டு! இரண்டு பேப்பரை எழுதி முடிப்பது அதைவிடக் கஷ்டமா? சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலர் கட்டுவதற்கு முன்னால் அரியர் ஃபீஸைக் கட்டுங்கள்.

டம்ப்பை மனப்பாடம் செய்வது

டம்ப் என்பது வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு. அதை ஒப்பித்தால் போதாது, விஷயம் புரிந்திருக்க வேண்டும். /26 சப்நெட்டில் (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு பகுதியில்) எத்தனை ஹோஸ்ட், அதாவது எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம், என்றால் 62 என்று உடனே வர வேண்டும். வராவிட்டால் உங்கள் சர்ட்டிஃபிகேட்டை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

"100% பிளேஸ்மென்ட்" போர்டு

இப்படி வேலை உறுதி என்று போர்டு வைக்கும் பயிற்சி மையங்களில் பணம் கட்டாதீர்கள்.

வேலைக்குப் போய்விட்டோம், இனிப் பட்டம் எதற்கு என்பது

பிளஸ் டூவோடு வேலைக்கு வந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ எழுத வேண்டியதில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். பாடம் ஆன்லைனில். நடுவில் டிப்ளமோவோடும் பி.எஸ்ஸி.யோடும் வெளியேறலாம். குடும்ப வருமானம் குறைவென்றால் கட்டணச் சலுகையும் உண்டு. தேர்வுகளுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போக வேண்டும், அதற்கு லீவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.