கேமில் உரையாடல் தேர்வு வரிகளை எழுதும்போது கவனிக்க வேண்டியது

சேர்வராயன் மலையைக் களமாக வைத்து மாயக்கதை கேம் ஒன்றை உருவாக்க முனையும் சேலத்து இளைஞர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: கதாபாத்திரம் என்ன பேச வேண்டும் என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பதற்காகத் திரையில் காட்டும் தேர்வு வரியும், அதை அழுத்தியதும் கதாபாத்திரம் பேசும் பேச்சும் ஒரே தொனியில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் ஒரு முதியவரிடம் நாயகி குகைக்கு வழி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் ‘வழி கேள்’ என்று மட்டும் இருக்கிறது. அதை அழுத்தியதும் அவள், “யோவ் பெருசு, வழியச் சொல்லப் போறியா இல்லையா?” என்று அதட்டினால், “ஐயா, குகைக்கு எப்படிப் போகணுங்க?” என்று பணிவாகக் கேட்க நினைத்த ஆட்டக்காரருக்கு அவள்மீதிருந்த ஒட்டுதலே அறுந்துவிடும். முதியவர் உண்மை சொல்வாரா, பொய் சொல்வாரா என்பதை மறைத்து வைக்கலாம். நாயகி எப்படிக் கேட்கப் போகிறாள் என்பதை மறைக்கக் கூடாது.

2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற கேம் முழு வாக்கியத்தையே பட்டியலில் காட்டியது. நாயகனுக்குக் குரல் கொடுத்த ‘டிராகன் ஏஜ் 2’ (2011) சுருக்கத் தேர்வுகளுக்கு மாறினாலும், தொனியைக் குறிக்கும் சின்னங்களைச் சேர்த்தது. ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) முழு வாக்கியத்தோடு, அந்தப் பேச்சு பலிக்குமா என்று பார்க்க எந்தத் திறனுக்குப் பகடை உருட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

குரல் பதிவு இல்லாத சிறிய முயற்சிக்கு முழு வாக்கியமே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இடம் போதாவிட்டால் ‘பணிவாக’, ‘மிரட்டி’ என்று ஒரு சொல்லை முன்னால் சேருங்கள். எழுதி முடித்ததும், கதை தெரியாத நண்பரிடம் தேர்வு வரிகளை மட்டும் காட்டி, நாயகி அடுத்து என்ன பேசுவாள் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரிகளை மாற்றி எழுதுங்கள்.