பாஸ்பேண்ட் ஒழுங்காக வந்தது இப்படித்தான்

ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 250–500 மெகாஹெர்ட்ஸ் தரவை காசா என்ற ரேடியோ வானியல் மென்பொருளில் அளவுதிருத்தம் செய்தபோது, 3சி 147 மாதிரி பிரகாசமான ரேடியோ மூலத்திலேயே பாஸ்பேண்ட் (அதிர்வெண் மாற மாற ஆன்டெனாவின் பதில் எப்படி மாறுகிறது என்ற வளைவு) ஒரே இரைச்சல், அதிலும் ஆன்டெனாக்கள் நெருக்கமாக இருக்கும் மையச் சதுக்கத்திலிருந்து தள்ளி நிற்கிற ஆன்டெனாக்களில்தான் ரொம்ப மோசம். அயனிமண்டலத்தின் வேலை. இந்த அதிர்வெண்ணில் ஃபேஸ் (அலையின் கட்டம்) நகர்ந்துகொண்டே இருக்கும், அதைக் கண்டுகொள்ளாமல் ஸ்கேன் (ஒரே மூலத்தைத் தொடர்ந்து பார்த்த நேரம்) முழுவதையும் சராசரி எடுத்தால் சிக்னல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும்.

அதனால் முதலில் குறுக்கீடுகளைக் களைந்துவிட்டு, நடுவில் சுத்தமாக இருந்த சில சேனல்களை மட்டும் வைத்து, சோலின்ட்டை (எவ்வளவு நேரத்துக்கு ஒரு தீர்வு என்ற அமைப்பு) 'இன்ட்' என்று, அதாவது தரவின் ஒவ்வொரு நேரத்துண்டுக்கும் ஒன்று என்று கொடுத்து, காசாவின் கெயின்கால் கட்டளையில் ஃபேஸ் மட்டும் தீர்த்தேன். ரெஃபரன்ஸ் ஆன்டெனா (மற்றவற்றின் ஃபேஸை எதோடு ஒப்பிடுகிறோமோ அது) மையத்தில் இருப்பது நல்லது. அப்புறம் டிலே (ஆன்டெனாக்களின் சிக்னல் தாமதம்) தீர்த்தேன், ஃபேஸ், டிலே இரண்டையும் கெயின்டேபிளில் (முந்தைய தீர்வுகளைக் கொடுக்கும் இடம்) போட்டு பாஸ்பேண்ட் தீர்த்தேன். வளைவு வழவழவென்று வந்தது. தற்காலிக ஃபேஸ் டேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டேன், இறுதி கெயின் (ஆன்டெனாக்களின் வீச்சு, ஃபேஸ் திருத்தம்) எப்படியும் புதிதாகத்தானே போடப்போகிறோம்.