புது விமானம் வாங்கும் முன்: படை நவீனமாக்கலுக்கு ஒரு பட்டறைக்காரனின் வழிமுறை

ஒரு நாட்டின் படையைப் புதுப்பிக்கும் திட்டக் கோப்பு உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகும் விமானப் படம் இருக்கும். அடுத்தடுத்த பக்கங்களில் வேகம், உயரம், ரேடாரில் சிக்காத உடல். அதையெல்லாம் விமானிகள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பாதி ஆயுள் விமானங்களுக்கு அடியில் போனது, மிச்சம் சோதனைக் குழுக்களில் போனது. அங்கிருந்து பார்க்கிறவன் கேட்கும் முதல் கேள்வி, காலையில் எத்தனை கிளம்பும் என்பதுதான்.

நூறு வாங்கி ஐம்பது கிளம்பினால் உங்களிடம் இருப்பது ஐம்பதுதான். 2023 மார்ச் நிலவரப்படி அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 விழுக்காடு என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே எழுதியது. பழுதுபார்க்கும் மையங்களை அமைப்பதில் பின்தங்கியிருந்தார்கள், உதிரிபாகம் போதவில்லை, பழுதுபார்க்கத் தேவையான தொழில்நுட்ப ஆவணங்கள் முழுதாகப் படையின் கையில் இல்லை. உலகிலேயே பெரிய ராணுவ பட்ஜெட் உள்ள நாட்டின் நிலை இது.

ஆகவே தேவையை எண்ணிக்கையில் எழுதாதீர்கள், மணிக்கணக்கில் எழுதுங்கள். நார்வே 2001இல் 14 என்எச்90 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 2008க்குள் வந்து சேர வேண்டியவை. 2022இல் கணக்குப் பார்த்தபோது முழுத் தகுதியோடு வந்திருந்தவை எட்டு. கடலோரக் காவலுக்கும் மற்ற வேலைகளுக்குமாக ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டும்; கிடைத்தது சராசரியாக 700 மணி நேரம். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ‘ஆண்டுக்கு இத்தனை மணி நேரம், குறைந்தால் இவ்வளவு பிடித்தம்’ என்று முதலிலேயே எழுதிவிட்டால் குறை எதுவானாலும் முதல் பில்லிலேயே தெரிந்துவிடும்.

எடையை முதலில் எழுதுங்கள்

வாகனம் என்றால் கவசத்தின் தடிமனில் தொடங்குவார்கள். நீங்கள் பாலங்களின் பட்டியலில் தொடங்குங்கள். எந்தெந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், ரயில் சுரங்கத்தின் அகலம் என்ன, உங்களிடம் உள்ள சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் எது நுழையும் என்று ஒரே தாளில் போட்டுக் குழுத் தலைவர் முன்னால் வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு ‘இன்னும் ஒரு டன் கவசம் சேர்க்கலாமே’ என்று யாரும் சும்மா பேச மாட்டார்கள்.

அமெரிக்காவின் எம்10 புக்கர் வண்டி காலாட்படையோடு போகும் இலகுவான பீரங்கி வண்டியாகத்தான் பேச்சில் தொடங்கியது. கடைசியில் சுமார் 38 டன்னாக வந்து நின்றது. அதை அனுப்ப நினைத்த ஒரு படைமுகாமில் இருந்த 11 பாலங்களில் 8 அதன் எடையைத் தாங்காது என்பது வண்டி தயாரான பிறகு வெளியே வந்தது. 2025இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். இந்தியா லடாக் உயரங்களுக்காகச் செய்த ஸோராவர் டாங்கியில் வரிசை சரியாக இருந்தது. 25 டன் என்ற வரம்பை முதலில் போட்டுவிட்டு, அதற்குள் என்ன அடங்கும் என்று பார்த்தார்கள்.

விமானத்துக்கும் இதே கணக்குதான். ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவின் அகலம், ஓடுதளத்தின் தாங்கும் திறன், எரிபொருள் குழாயின் அழுத்தம். சலிப்பூட்டும் பட்டியல், ஆனால் விமானம் வந்து இறங்கிய பிறகு ஹேங்கர் கதவை அகலப்படுத்துவதைவிடச் சலிப்பு குறைவு.

திறந்து காட்டச் சொல்லுங்கள்

சோதனை நாளில் விற்பவர்கள் வண்டியை மணல்மேட்டில் ஏற்றுவார்கள், விமானத்தைத் தலைகீழாகப் புரட்டுவார்கள். கைதட்டிவிட்டு, ‘சரி, இப்போது இரவு. ஒரு ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. மாற்றிக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். வேலையை அவர்களுடைய ஆட்கள் செய்யக் கூடாது. உங்கள் படையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடமான பையன்கள் செய்ய வேண்டும். கையில் தடித்த கையுறை, நெற்றியில் டார்ச், பக்கத்தில் அவர்கள் தரும் கையேடு மட்டும்.

அப்போதுதான் உண்மை தெரியும். மூடியைத் திறக்க நாலு வகைத் திருகுகள், நாலுக்கும் நாலு கருவி. பம்ப் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பின்பக்க நட்டுக்கு ஸ்பானர் போகாது. குழாய் ஒன்றைக் கழற்றினால்தான் போகும். குழாயைக் கழற்றினால் எண்ணெய் கீழே உள்ள மின்கம்பிக் கட்டின் மேல் வழியும். நட்டு தளராமல் இருக்க லாக் வயர் சுற்றும் இடத்தில் கை புரளாது. சில விமானங்களில் ஒரு சின்னப் பெட்டியை எடுக்க விமானியின் இருக்கையையே வெளியே தூக்க வேண்டும். இருக்கையில் வெடிபொருள் இருப்பதால் அதற்குத் தனிக் குழு வர வேண்டும். அரை மணி நேர வேலை அரை நாளாகிவிடும். இதையெல்லாம் கையில் கடிகாரத்தோடு குறித்துவையுங்கள். நான் உட்கார்ந்த குழுக்களில் விளம்பரப் புத்தகம் அடக்காத வாயை இந்தக் குறிப்புதான் அடக்கியிருக்கிறது.

ஸ்வீடன் தன் கிரிப்பன் விமானத்தை நெடுஞ்சாலையில் இறக்கி, ஒரு தொழில்நுட்ப வல்லுநரும் சில கட்டாயச் சேவை வீரர்களும் சேர்ந்து பத்து நிமிடத்தில் மறுபடி எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதை வைத்தே வடிவமைத்தது. மூடிகளில் பல தரையில் நின்றே எட்டும் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பழையதை எப்போது விடுவது

ஆண்டுவாரியாக ஒரு கட்டம் போடுங்கள். மேல் வரியில் பழைய விமானங்களின் உடலில் மிச்சமிருக்கும் பறப்பு மணி, கீழ் வரியில் புதியவை வரும் தேதி. கீழ் வரியை அப்படியே மூன்று ஆண்டு தள்ளி மறுபடி போடுங்கள். நடுவில் பள்ளம் விழுந்தால் அதற்கு இப்போதே வழி செய்ய வேண்டும். கனடா 2010இல் எஃப்-35 என்று அறிவித்து, பின்வாங்கி, சுற்றிச் சுற்றி 2023 ஜனவரியில் 88 விமானங்களை உறுதிசெய்தது. நடுவில் ஆஸ்திரேலியா ஓட்டித் தீர்த்த எஃப்-18களை வாங்கிப் பள்ளத்தை நிரப்பியது. இந்தியா 2007இல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டு, 2016இல் 36 ரஃபேலோடு முடித்தது. மிக்-21 விடைபெற 2025 செப்டம்பர் ஆனது. உள்நாட்டில் தயாராகும் தேஜஸ் மார்க்-1ஏ விமானங்கள் தள்ளிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய என்ஜின் நேரத்துக்கு வராதது. என்ஜின் யாருடையது என்று கோப்பில் முதல் நாளே தேடுங்கள்.

உடலில் ஆயுள் மிச்சமிருந்தால் பழையதில் புதியதை மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி பி-52 குண்டுவீச்சு விமானம் 1962இல் வெளியே வந்தது. இப்போது அதற்குப் புது என்ஜின் மாட்டி 2050களிலும் பறக்கவிடப் போகிறார்கள்.

நாளைக்கு வருவதற்கு இடம்

பிரிட்டன், ஜப்பான், இத்தாலி மூன்றும் சேர்ந்து 2035க்குக் குறிவைக்கும் விமானம், ஆளில்லாமல் கூடவே பறக்கும் துணை விமானங்கள் என்று செய்திகள் வரும். அதெல்லாம் வரட்டும். நீங்கள் இன்று வாங்குவதில் மூன்றை மிச்சம் வையுங்கள்: இடம், மின்சாரம், குளிரூட்டல். எஃப்-35இல் மின்னணுப் பெட்டிகள் கூடக் கூட, முதலில் திட்டமிட்டதைவிட அதிகக் குளிரூட்டல் தேவைப்பட்டது. அதற்காக என்ஜினிலிருந்து கூடுதல் காற்றை இழுக்க வேண்டி வந்து என்ஜின் தேய்மானம் கூடியது. கவச வண்டியும் அப்படித்தான். உக்ரைன் போருக்குப் பிறகு மேலிருந்து விழும் மலிவு ட்ரோனைத் தடுக்க ஏதாவது மாட்டாமல் டாங்கியை வெளியே அனுப்ப முடியவில்லை. மாட்டுவதற்கு ஜெனரேட்டரில் மிச்சம் வேண்டும், கூரையில் எடை மிச்சம் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தாவில் மாற்ற நினைப்பதும் வேண்டாம். அமெரிக்கத் தரைப்படை வண்டி, ட்ரோன், வலையமைப்பு எல்லாம் சேர்த்து ஒரே எதிர்காலத் திட்டமாகப் போட்டது. கோடிக்கணக்கான டாலர் செலவான பிறகு 2009இல் அதை மூடினார்கள். சின்னத் தொகுதியாக வாங்கி ஓட்டிப் பாருங்கள், பட்டறை சொல்லும் குறைகளைத் திருத்திய பிறகு அடுத்த தொகுதியை வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்

‘நிலையான விலை’ என்று எழுதியிருந்தால் விற்பவருக்கும் அதே பொருள்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்விட்சர்லாந்து 36 எஃப்-35களுக்கு அப்படித்தான் நம்பியிருந்தது. 2025இல் அமெரிக்கா அதைத் தவறான புரிதல் என்றது. கூடுதல் செலவு 65 கோடியிலிருந்து 130 கோடி ஃபிராங்க் வரை போகலாம் என்றார்கள். அடுத்தது மென்பொருள்: ஒரு புது ஏவுகணையை நாமே இணைக்க முடியுமா, ஒவ்வொரு முறையும் விற்றவரைக் கூப்பிட வேண்டுமா? பிரேசில் கிரிப்பன் வாங்கியபோது நூற்றுக்கணக்கான பொறியாளர்களை ஸ்வீடனுக்கு அனுப்பி வேலை கற்க வைத்து, உள்நாட்டிலேயே ஒரு தயாரிப்பு வரிசையையும் வாங்கிக்கொண்டது.

அப்புறம் தேதிகள். விமானமோ வண்டியோ வரும் தேதியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று விடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். சிறப்புக் கருவிகள், பயிற்சிக்கான மாதிரி என்ஜின், இரண்டு ஆண்டுக்கான உதிரிபாகம், உங்கள் மெக்கானிக்குகளுக்கு முதல் பயிற்சி, இவை எல்லாம் முதல் விமானத்துக்கு ஓராண்டு முன்னால் வர வேண்டும் என்று எழுதுங்கள். முன்பணத்தின் அடுத்த தவணையை, கருவிப் பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்த்த ஸ்டோர்காரர் கையெழுத்திட்ட ரசீது வந்த பிறகு கொடுங்கள்.